சின்னம்மா வீட்டுப் பச்சை

சின்னம்மா பத்து காவான் என்ற ஊரில் புது வீடு வாங்கிய வருடம் எனக்குப் பதினோரு வயது. அந்த வயதுக்கு எனக்கிருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சம் அதிகம்தான். சின்னம்மா மகள் என்னைவிட ஆறு மாதம் இளையவள். அவளுக்கு இரண்டு சன்னல் வைத்த தனி அறை கிடைக்கப்போகிறது. எனக்கோ ஜார்ஜ்டவுனில் வாடகை அடுக்குமாடி வீட்டின் கூடத்தில், அப்பாவின் சட்டைகள் காயும் கொடிக்குக் கீழே ஒரு மெத்தை. சட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர் சில நாள் என் காலில் விழும்.

சின்னம்மா கைப்பேசியில் வீடு வீடாகப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சுவரெல்லாம் இயற்கையில் இருக்கிற நிறமாக இருக்க வேண்டும்: மண், மணல், இலை, பழம். பெயிண்ட் கடை அட்டையில் இருந்த எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நிஜப் பொருளையே கொண்டுபோனால் கடையில் உள்ள கருவி அதைப் படித்து அதே நிறத்தைக் கலந்து தரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே என் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, ஒனக்குத்தான் கலர் தெரியும். நீ வந்தாதான் ஆகும் லா.”

அது பொய்யில்லை. அம்மா லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தார். சேலையோடு வந்து மேட்சிங் பிளவுஸ் துணி கேட்பவர்களை முதலாளி நேராக அம்மாவிடம் அனுப்பிவிடுவார். நம் கண்ணுக்கு ஒரே சிவப்பாகத் தெரியும் இரண்டு துணிகளில் ஒன்றை, இதில் மஞ்சள் ஓடுகிறது என்று அம்மா தூக்கிப் போடுவார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் மஞ்சள் ஓடத்தான் செய்யும்.

இரண்டு வாரம் அம்மா அலைந்தார். சின்னம்மா வீட்டுக் கூடத்துக்கு ஈர மணல், சமையலறைக்கு வெளிர்மஞ்சள் லங்சாட் பழத்தோல், படுக்கையறைக்குப் பாக்குப் பாளையின் உட்புறம். கடைசியாக, சின்னம்மா மகளின் அறைக்கு வாழைக்குருத்து. மலாய்க்காரர்கள்கூட அந்த நிறத்தை வாழைக்குருத்து என்றுதான் சொல்வார்கள். அம்மா அதைச் சன்னலோரம் தூக்கிப் பிடித்தபோது நானும் பார்த்தேன். அப்படியொரு பச்சை அவளைச் சுற்றி நாலு பக்கமும் நிற்கப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வீட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டேன்.

“வாடகை வீட்டுக்கு என்னாடி கலரு? வெள்ளைதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் சுவரில் ஓர் ஆணி அடிக்கவே விடமாட்டார்.

கடைக்குப் போகிற சனிக்கிழமை காலை அப்பா நாசி லெமாக் வாங்கி வந்தார்; வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பாலும். சுடுசோறு பட்ட வாழையிலை எந்த நிறத்துக்குப் போகும் என்று பினாங்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தின்று முடித்த பொட்டலத்து இலையை டிஷ்யூ தாளில் துடைத்தேன். குருத்தின் அளவுக்கே கத்தரித்தேன். அம்மா குளிக்கப் போனதும் மாதிரிகள் இருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து அதை உள்ளே வைத்துவிட்டுக் குருத்தைக் குப்பைத்தொட்டியின் அடியில் அமுக்கினேன்.

சின்னம்மாவின் காரில் பாலம் கடந்து செபராங் ஜெயாவுக்குப் போனோம். சின்னம்மா பக்கத்துக் கடையில் திரைச்சீலை பார்க்கப் போய்விட, பெயிண்ட் கடைக்குள் அம்மாவும் நானும் மட்டும் நுழைந்தோம். மணல் முடிந்தது, தோல் முடிந்தது, பாளை முடிந்தது. அம்மா இலையை எடுத்தார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே சம்பால் வாசம் அடித்தது. அம்மா அதைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். கடைக்காரச் சீனர் மோந்து பார்த்துச் சிரித்துவிட்டு, இந்த நிறம்தானா என்று மலாயில் கேட்டார்.

“பெத்துல்,” என்றார் அம்மா. சரிதான் என்று அர்த்தம்.

அம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது, மூக்கு அடைத்திருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது.

சுவருக்குப் பூசிய அன்று சின்னம்மா பதறிப்போய் அழைத்தார். காய்ந்தால் சரியாகிவிடும் என்று அம்மா சமாதானம் சொன்னார். காய்ந்தது, சரியாகவில்லை. ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அந்த அறை வாசலில் நின்றோம். தேங்கிய தண்ணீரில் பாசி அழுகினால் எப்படியோ அப்படி இருந்தது சுவர். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கும்போதே சின்னம்மா மகள் விசும்பத் தொடங்கினாள்.

“நாசி லெமாக் எல மாதிரி இருக்கும்மா.”

நான் ஃபாதரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். பெரியம்மா தேடித் தேடி எடுத்த நிறம், இப்போது இதுதான் ஸ்டைல் என்று சின்னம்மா அவளை அதட்டினார். அம்மா கேக் வெட்டச் சமையலறைக்குப் போய்விட்டார். அவள் அழுதது எனக்கு இனிக்கத்தான் செய்தது, ஒரு பத்து நிமிடம். பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டிலைக் காட்டினாள். லீவுக்கு வந்தால் சன்னல் பக்கம் நான் படுத்துக்கொள்ளலாமாம். சன்னல் பக்கம் காற்று வருமாம். அந்தக் கேக் எனக்கு இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நானே கேட்டு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனேன். பாவசங்கீர்த்தன வரிசையில் நின்று, திரை போட்ட கூண்டுக்குள் முழந்தாளிட்டு, பொறாமைப்பட்டதையும் இலையை மாற்றியதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். ஃபாதர் மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார். இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெளியே வந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்த அம்மா வரிசையில் எனக்கு அடுத்து நின்றார். என்னைப் பார்க்காமல் உள்ளே போனார்.

என் மூன்று அருள்நிறை மரியே முடிந்தது. வேறு வேலையில்லாமல் இன்னும் பத்து சொன்னேன். அம்மா வரவில்லை. பின்னால் நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்குப் பசி. தங்கை வீட்டுக்காக இரண்டு வாரம் அப்படி அலைந்த அம்மாவுக்கு, அங்கே போய் இவ்வளவு நேரம் சொல்ல என்னதான் இருக்கிறது என்று எரிச்சலோடு அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.