ராசிபுரத்தில் ஒரு வெறும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் குதிரை வண்டியில் ஏறினேன். நாற்பத்திரண்டு வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் மனிதன் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தேன். யுத்தம் முடிந்துவிட்டது, இனி ஊர்களை இஷ்டத்துக்கு வளரவிடக் கூடாது, முறைப்படி திட்டம் போட்டு வளர்க்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதற்காக ஊர் அமைப்பு வேலை பார்க்கிற சர்வேயர்கள், ஓவர்ஸீயர்கள் பன்னிரண்டு பேரைச் சேலத்துக்குக் கூப்பிட்டு ஆறு நாள் வகுப்பு வைத்திருந்தார்கள். காவிரிக்கரையில் எங்கள் ஊர் போர்டிலிருந்து நான். அளவுச் சங்கிலி பிடித்துப் பத்தொன்பது வருஷமான எனக்கு இனி யார் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்கு அசிஸ்டென்ட் உத்தியோகத்துக்குச் சிபாரிசு உண்டு என்று கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன். பதினொரு வருஷமாக அந்த உத்தியோகம் எனக்கு வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

படித்துறையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் புது ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. அந்த ரோடு ஆறு வருஷத்துக்கு முன் நான் படம் வரைந்து போட்டது. கயிறு பிடித்தாற்போல நேர் ரோடு. ஜில்லா இன்ஜினீயரே வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார். அதில் பாதி அகலத்துக்குப் பாய் முடைகிறவர்கள் கோரையைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். வாரம் தவறாமல் இதே தொல்லை. வண்டிக்காரர் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார். நான் விடவில்லை. ரோடு வண்டிக்குத்தான், கோரைக்கு இல்லை, மேலேயே ஓட்டு என்றேன். சக்கரம் ஏறிப் போனபோது ஓர் அம்மாள் குனிந்து, நசுங்கிய கோரையைத் தனியாகப் பொறுக்கி வைத்தாள்.

எட்டு மணிக்குச் சேலம் பஸ். கரி வாயுவில் ஓடுகிற வண்டி. பின்னால் ஒரு பீப்பாய், அதில் கரியைப் போட்டு விசிறியைச் சுற்றினால்தான் உயிர் வரும். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் வந்த ஏற்பாடு, யுத்தம் முடிந்தும் நம்மை விடவில்லை. நாமக்கல் முப்பது மைல். சேர்ந்தபோது மணி பதினொன்று. மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இரண்டணாவுக்கு இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து ஏழு மைல் போய்ப் புதுச்சத்திரத்தில் பஸ் மூச்சுவிட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பீப்பாயைக் கிளறினார். இருபுறமும் கடலைக்காடு, நடுவில் ஒரே ஒரு புளியமரம், அதன் நிழலில் நாங்கள் இருபத்திரண்டு பேர். சும்மா நிற்பானேன் என்று டிரைவரிடம் இந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று கேட்டேன். அவர் கரிக்கையைத் துடைத்துக்கொண்டு, வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், கிணறு, கோயில், எவனாவது ஒரு பிடிவாதக்காரன், என்றார். எல்லாவற்றையும் நிமிர்த்திவிட்டால் அரைமணி மிச்சம் என்று நான் சொன்னேன். சேலம் சேரும்போது மூன்றரை மணி.

வகுப்பு நடந்த இடம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பழைய மாடி. பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு ஆறணா. ரசம் நன்றாக இருந்தது, மற்றதைச் சொல்வதற்கில்லை. வகுப்பு நடத்தியவர் ராமநாதன், சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர், இருபத்தெட்டு வயதுக்கு மேல் இராது. என் மூத்த மருமகனைவிடச் சின்னவர். என்னருகில் உட்கார்ந்தவர் வேலூர்ப் பக்கத்து ஓவர்ஸீயர் கரீம். பருத்த உடம்பு, வெயிலென்றால் பயம், எதற்கும் அவசரப்படாதவர்.

திங்கட்கிழமை முழுவதும் பேச்சு. தெருவுக்கு எத்தனை அடி அகலம், சாக்கடைக்கு எத்தனை சரிவு, சந்தையும் பள்ளிக்கூடமும் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று ராமநாதன் பலகையில் எழுதிக்கொண்டே போனார். ஏற்கெனவே தெரிந்ததுதான் என்று நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை பனமரத்துப்பட்டி ஏரிக்குக் கூட்டிப் போனார்கள். சேலத்துக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்து வருகிறது. மாசி வெயிலிலும் ஏரியில் பாதிக்கு மேல் தண்ணீர் நின்றது; கரையில் நடந்தபோது காற்று குளிர்ந்து வந்தது. அன்று ஒரு நாள்தான் வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

புதனும் வியாழனும் ராசிபுரம். சேலத்திலிருந்து பதினேழு மைல். பஸ் நிற்கும் இடத்திலிருந்து சந்தைக்கு ஒரு புது வழி, ஆளுக்கு ஒரு படம், இதுதான் பரீட்சை. நல்ல படம் எதுவோ அது வெறும் பரீட்சைத் தாளாகக் கிடக்காது, வேலைக்கே அனுப்பப்படும் என்று ராமநாதன் சொன்னார். நான் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினேன். நெசவாளர் தெருவுக்குப் பின்னால் நீளமாக ஒரு வெறும் இடம் கண்ணில் பட்டது. இருபுறமும் வேப்பமரம், நடுவில் பெருக்கிவிட்டாற்போல் சுத்தமான மண், இரண்டு கோடியிலும் இடுப்பளவுக்குக் கல் நட்டிருந்தது. வீடில்லை, பயிரில்லை, ஒரு ஆடுகூட இல்லை. கணக்குப்பிள்ளையின் ஏட்டிலும் புறம்போக்கு என்றே இருந்தது. பஸ் நிற்குமிடத்துக்கும் சந்தைக்கும் நடுவே நேர் கோடு இழுத்தால் அந்த இடத்தின் நடுவாகத்தான் போகிறது. யாரோ எனக்காகவே விட்டுவைத்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை நான் அளந்தபோது தெருவே காலியாக இருந்தது. வியாழக்கிழமை வீடுகளுக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்தது. அன்று ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்மணி, செல்லம்மாள் என்று பெயர், தண்ணீர்க் குடத்தோடு நின்று என்னைக் கவனித்தாள்.

"ஏனுங்க, இதை எதுக்குங்க அளக்கறீங்க?"

சர்க்கார் வேலை என்றேன். அவள் சங்கிலியையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சனிக்கெழம காலைல ஒருக்கா வந்து பாருங்க சாமி. அப்பறமா அளங்க."

ஆகட்டும் என்று தலையாட்டினேன். எந்த ஊருக்குப் போனாலும் நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று சர்வேயரைத் தட்டிக்கழிக்கிறவர்கள் உண்டு. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன். ஏன் சனிக்கிழமை என்று கேட்டிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் படம் வரைந்தேன். நாற்பதடி ரோடு, இருபுறமும் சாக்கடை, கற்கள் இருந்த இடத்தில் 'அகற்ற வேண்டியது' என்ற குறிப்பு. மாலையில் ராமநாதன் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். இந்த அளவுக்குச் சுத்தமான வரைவைத் தாம் பார்த்ததில்லை என்றார். சின்னவராயிருந்தாலும் விஷயம் தெரிந்தவர் என்று அப்போது எனக்குத் தோன்றியது. வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். நல்ல செய்தி உண்டு என்று மட்டும் போட்டேன்.

கருவிகளைக் கட்டி வைக்கும்போதுதான் பார்த்தேன், அம்பு ஒன்று குறைந்தது. ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் அடையாளமாகத் தரையில் குத்துகிற இரும்புக் கம்பியை அம்பு என்போம். சங்கிலிக்குப் பத்து உண்டு. ஒன்பதோடு ஊர் திரும்புகிற சர்வேயரை ஆபீசில் ஒரு வருஷம் கேலி செய்வார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்குத்தான் முடிவு சொல்வார்கள். அதனால் காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து மறுபடி ராசிபுரம் போனேன். டிக்கெட் ஐந்தணா.

ஏழு மணிக்கு நான் போய் நின்றபோது அந்த வெறும் இடத்தைக் காணவில்லை. ஒரு கோடிக் கல்லிலிருந்து மறு கோடிக் கல் வரைக்கும், தறிக்குப் போகிற நெடுக்கு நூலான பாவு நீட்டியிருந்தார்கள். ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் நாலு. மூங்கில் கவைகளின் மேல் ஆயிரக்கணக்கான இழைகள் இடுப்பளவு உயரத்தில் நேராக ஓடின. சிவப்பு, பச்சை, வெள்ளை. ஆணும் பெண்ணுமாக முப்பது பேருக்கு மேல் இருப்பார்கள். கஞ்சியைத் தெளித்து, இருபுறமும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நீளமான புருசைப் பிடித்து, இழுத்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்கள். வேப்பமர நிழல் பாவின் மேல் விழுந்து இளவெயிலைத் தடுத்தது. அந்த மரங்களை அழகுக்கு வைத்ததாக நினைத்துப் படத்தில் போட்டிருந்தேன்.

செல்லம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வந்த காரியத்தைச் சொன்னதும் கோடியில் ஓர் இடத்தைக் காட்டினாள். என் அம்பில் கயிறு கட்டி, ஒரு பாவின் ஓரத்தை இழுத்து நிறுத்தியிருந்தார்கள்.

"முளை ஒண்ணு ஒடிஞ்சு போச்சுங்க, இதுல கட்டிட்டோம். இப்பப் புடுங்கினா இழையெல்லாம் தொய்ஞ்சு போயிருமுங்க. காஞ்சதும் எடுத்துத் தாரேனுங்க."

அதனால் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். இடையில் நடந்து வந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த இடத்துக்குப் பாவடி என்று பெயர், முன்பெல்லாம் அங்கே பாவு நீட்டாத காலை கிடையாது. இப்போது நூலுக்குக் கட்டுப்பாடு. ரேஷன் கார்டுக்குப் புதன்கிழமை மட்டும்தான் நூல் கொடுக்கிறார்கள். புதன்கிழமை தெருவே நூல் டிப்போ வாசலில் நிற்கும். வியாழனும் வெள்ளியும் வீட்டுக்குள் நூலைச் சுற்றிப் பாவு ஓடுவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் இங்கே வந்து கஞ்சி போட்டாக வேண்டும். தவறினால் அந்த வாரம் தறியில் வேலை இல்லை. நான் அளந்த புதனும் வியாழனும் அந்த இடத்தில் ஒருவரும் இல்லாத நாள்கள்.

புறப்படும்போது, இந்த வழியாக ஒரு ரோடு வந்தால் எப்படி இருக்கும் என்று செல்லம்மாளிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்ற நப்பாசையாக இருக்கலாம். அவள் அம்பைத் தரையிலிருந்து பிடுங்கி, மண்ணை முந்தானையில் துடைத்தாள்.

"ரோடு வந்தா நல்லதுதானுங்க. பாவை எங்கீங்க நீட்டறது?"

அதில் கோபம் இல்லை. படித்தவன், அளக்கிறவன், இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்டாள். நான் அம்பை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

பத்தரை பஸ்ஸில் எனக்கு அழுகை வரும் போல இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஏட்டில் புறம்போக்கு, படம் சுத்தம், சிபாரிசு கைக்கெட்டும் தூரத்தில். பதினொரு வருஷம். மல்லூர் தாண்டும் வரைக்கும் வாயை மூடிக்கொள்வதாகத்தான் இருந்தேன்.

மூன்று மணிக்கு ராமநாதன் என் படத்தைப் பலகையில் மாட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, இந்தப் படம் தப்பு என்றேன். காலையில் பார்த்ததைச் சொன்னேன். சனிக்கிழமை ஏன் போனீர்கள் என்று அவர் கேட்டார். அம்பு எடுக்க என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தப் பெண்மணி வியாழக்கிழமையே வரச் சொன்னாள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது. ராமநாதனின் முகம் வாடிவிட்டது. மாற்றி வரைய நேரமில்லை, ஐந்து மணிக்குத் தபாலில் சேர்க்க வேண்டும், அனுப்பினால் இதையே அனுப்ப வேண்டும் என்றார்.

"அனுப்ப வேண்டாம், சார்" என்றேன்.

கரீமின் படம் தபாலில் போயிற்று. வெயிலில் அலைய மனமில்லாமல், மரத்தடி வழியாகப் போகும் பழைய வண்டித்தடத்தையே அகலப்படுத்தி வரைந்திருந்தார். அது பாவடியைச் சுற்றிக்கொண்டு வளைந்து போகிறது. சிபாரிசும் அவருக்கே. அவர் என்னைத் தழுவிக்கொண்டு, தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார். எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் பொய். ராமநாதன் மட்டும் வாசல் வரை வந்து, அடுத்த வகுப்பில் அளக்கப் போகுமுன் எந்த நாளில் போவது என்று முதல் பாடம் வைக்கப் போவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்குத் திரும்பும் பஸ். புதுச்சத்திரத்தில் அதே புளியமரத்தடியில் வண்டி நின்றது. அதே டிரைவர், என்னைப் பார்த்து, வளைவுகளை நிமிர்த்தியாயிற்றா என்று கேட்டார். ஒன்றை விட்டுவிட்டேன் என்றேன். அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான் கோரை ஞாபகம் வந்தது. அதன் பிறகு ஊர் வருகிற வரைக்கும் வேறெதையும் நினைக்க முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் என் ரோட்டுக்காக அந்த ஆற்றோர நிலத்தை நான் அளந்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு நாளில். அன்று அங்கே ஒன்றுமே இல்லை. ஐப்பசி மழையில் கோரையை யார் காயப்போடுவார்கள்?

நாலு மணிக்கு இறங்கினேன். வண்டி பிடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் ரோட்டிலேயே நடந்தேன். அந்த அம்மாள் காய்ந்த கோரையை அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவசரமாக ஓரத்துக்கு இழுத்தாள். இழுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"ரோடு போடறதுக்கு முன்னாடி இதையெல்லாம் எங்கே காயவைப்பீங்க?"

அவள் நிமிர்ந்து, கேள்வி நிஜந்தானா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

"இங்கதாங்க" என்றாள். "அப்ப வண்டி வராதுங்க."