கிரேக்க மக்ரோனிக்கு உப்பு

துரை பங்களாச் சமையல்காரர் ஒரு மத்தியானம் முழங்கால்வரை தொங்கிய வெள்ளைக் கோட்டோடு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் துரைசாணி கொடுத்த ஆங்கிலச் சமையல் புத்தகம். விருந்துக்குக் கிரேக்க நாட்டு மக்ரோனி செய்ய வேண்டுமாம். பிசகினால் வேலை போய்விடுமாம்.

லயத்தில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்திதான். நான் கம்பீரமாக வாசிக்க, அவர் பங்களாவிலிருந்து கொண்டுவந்த சாமான்களை வைத்து எங்கள் அடுப்பிலேயே செய்து பார்த்தார். மக்ரோனியை உப்புப் போட்டு வேகவைத்து, சோறுபோல வடித்தார். தக்காளியும் வெங்காயமும் வதக்கி, மறுபடி உப்புப் போட்டு, சீஸைத் துருவிக் கிளறினார்.

ஆனால் ருசி பார்க்க மாட்டார். அது அவர் வழக்கம்.

"எச்சில் பண்ணி விருந்தாளிக்கு வைக்கிறதா? படிச்ச புள்ள, நீயே பாத்துச் சொல்லும்மா."

வாயில் வைத்தேன். உப்புக் கரித்தது. மக்ரோனியையே அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"கிரீஸ்ல இப்படித்தான் மாமா சாப்பிடுவாங்க" என்றேன்.

அதே அளவில் பங்களாவிலும் செய்தார். விருந்துக்கு மறுநாள் வந்தார்.

"வேலை தப்பிச்சிதும்மா. அசல் கிரீஸ் ருசின்னு எல்லாரும் பாராட்டுனாங்க. தண்ணிதான் நாலு கூஜா போச்சு."

முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் கேலி செய்தது துரைமாரையா, என்னையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.