ஒரே ஒரு அட்டை உயர்ந்த ஏலம்

யின் சாங்கெங் ஏலக்காரர். அந்த மாவட்டத்து அரசு நிலங்களை இருபது வருடங்களாக ஏலம் கூறி விற்றவர். ஒரு காலத்தில் அவர் விலையைச் சொல்லி முடிப்பதற்குள் விலை கேட்கும் அட்டைகள் பத்து உயரும். வயல்கள் அடுக்குமாடிகளாயின. அந்தப் பணத்தில் பாலம் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, டவுன் பஸ்ஸும் வந்தது. நாலாம் நம்பர் பஸ்ஸை அவர் மனைவி ஷுஃபன் ஓட்டினாள்.

இப்போது கட்டிய வீடுகளுக்கே ஆளில்லை. நிலத்தை யார் வாங்குவது? ஷுஃபனுக்கு ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை.

"இன்னிக்கு ஆத்தங்கரை மனை போகலேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பஸ் நின்னுடும். நல்லாக் கத்துய்யா," என்றாள் காலையில்.

"நான் கத்தினா காசு கொட்டுமா?"

"என்கிட்ட மட்டும் தொண்டை நல்லா தொறக்குதே."

ஏலக் கூடத்தில் அறுபது நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது ரோங் ஒருவன்தான். மாவட்ட அரசின் சொந்தக் கம்பெனி மேனேஜர். நிலம் விலைபோகவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினால் மானம் போய்விடும் என்பதால், அரசு விற்பதை அரசுக் கம்பெனியே வாங்கிவிடும். முன்பாவது அதற்கு வங்கி கடன் கொடுத்தது. இப்போது அதுவும் இல்லை; வாங்குவது வெறும் காகிதத்தில்தான், ஒரு காசு வராது.

"முதல் தரம்... இரண்டாம் தரம்..."

கதவு திறந்தது. தோல்பையோடு ஒரு பெரியவர், மூச்சு வாங்க நின்றார். யின் நிமிர்ந்து பார்த்தார். வெளியூர்ப் பணக்காரராக இருக்குமோ? மூன்றாம் தரத்தை விழுங்கிக்கொண்டு, ஆற்றங்கரையின் அழகையெல்லாம் மறுபடி முதலிலிருந்து வர்ணித்தார்.

"யின் அண்ணே, சுத்தியலப் போடுங்க. கை வலிக்குது," என்றான் ரோங், அட்டையைத் தூக்கியபடியே.

"ஐயா விலை கேக்குறீங்களா?" என்றார் யின்.

"விலையா? என் வயலைத்தானே தம்பி நீங்க விக்கிறீங்க. அதுக்கு நஷ்டஈடு குடுக்குற ஆபீஸு எது?"

அந்தப் பணமும் இந்த ஏலத்திலிருந்துதான் வரவேண்டும். யின் மாடிப்படியைக் கைகாட்டினார். பிறகு சுத்தியலைத் தட்டினார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. ஷுஃபன்.

"போச்சா?"

"போச்சு."

"யாரு வாங்கினது?"

"வழக்கமா வாங்குறவன்தான்."

"ரோங்கா?"

"ம்."

மறுமுனையில் பஸ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சரி, வை. திங்கக்கிழமையிலேர்ந்து பஸ் இல்லேன்னு ஏறுறவங்ககிட்ட இப்பவே சொல்லிடறேன். ஆஸ்பத்திரிக்குப் போறவங்க வேற வழி பாத்துக்கணும்ல."