அம்மாவின் தொடையில் மூன்று புள்ளிகள்

உங்கள் தொடைத் தோலுக்கு ரத்தம் எந்த வழியாக வருகிறது, தெரியுமா? தெரிந்திருக்காது. போன வருடம் வரை எனக்கும் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்தவன், இமேஜ் ப்ராசஸிங் பேப்பரில் கிளாஸ் டாப்பர் என்கிற திமிர் மட்டும் நிறைய இருந்தது.

அம்மா ஸ்கூட்டியில் வயலுக்குப் போகும்போது, மன்னார்குடி ரோட்டில் வைக்கோல் கட்டு ஏற்றி வந்த டிராக்டர் உரசிக் கீழே தள்ளியது. டிரெய்லர் சக்கரம் இடது காலில் ஏறி இறங்கிவிட்டது. எலும்பைக் கம்பி வைத்து நிறுத்தினார்கள். ஆனால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோலும் இல்லை, சதையும் இல்லை. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் நடிகைகளின் மூக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அங்கே எங்களைப் பார்த்த பெண் டாக்டருக்கு அம்மா வயதுதான் இருக்கும். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"எலும்ப இப்படியே விட்டா செத்துரும்மா. வலது தொடையில இருந்து தோல், சதை, அதுக்கு வர்ற ரத்தக்குழாய் எல்லாம் ஒண்ணா எடுத்து இங்க வச்சு, இங்க இருக்கிற குழாயோட சேத்துத் தைக்கணும். பிடிச்சா கால் இருக்கும். பிடிக்கலன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்."

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்புறம் சேத்துல எறங்கலாமா டாக்டர்?"

"மொதல்ல தரையில நிப்போம்."

ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி இரண்டு காலையும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நான் நச்சரித்த நச்சரிப்பில் டாக்டர் என்னைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்காரவைத்தார். மவுஸை உருட்டினார். தோல் மறைந்தது, சதை மறைந்தது. அம்மாவின் கால்களில் எலும்பும் சிவப்புக் குழாய்களும் மட்டும் மிச்சம். முழங்காலுக்குக் கீழே மூன்று குழாய்கள் இறங்க வேண்டும். அடிபட்ட காலில் ஒன்று பாதி வழியில் நின்றுபோயிருந்தது.

"இதுல தைச்சா வேல போச்சு. பின்னால போகுது பாருங்க, இது நல்லா இருக்கு. இதுலதான் தைக்கப் போறேன்" என்றார். பிறகு வலது தொடைக்குப் போனார். சதைக்கு அடியில் ஓடும் ஒரு கிளையிலிருந்து, தையல் நூல் மாதிரி மூன்று குட்டிக் குழாய்கள் தோலை நோக்கி ஏறின. "நெறைய பேருக்கு இது தொடைக்கு நட்டநடுவுல இருக்கும். உங்கம்மாவுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. நாலு வெரக்கட மேல இருக்கு."

இன்னும் கத்தியே வைக்கவில்லை. அதற்குள் எதை எடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாலு வருடம் நான் ஃபில்டர் போட்டு விளையாடிய படங்களெல்லாம் எதற்கு என்று எனக்கு யாருமே சொல்லித் தரவில்லை.

திரையைப் போனில் படம் பிடித்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்தார்.

"நம்ம வாய்க்கா மேப்பு மாதிரில்லடா இருக்கு. பாதந்தான் கடமட, தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். நமக்கு எங்கதான் தண்ணி சீக்கிரம் வந்துச்சு? ஒரு மதகு அடச்சா முடிஞ்சுது."

"எந்த மதகு தொறந்திருக்குன்னு பாத்தாச்சும்மா" என்றார் பின்னால் வந்த டாக்டர். கையில் பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி. தொடையில் ஜெல் தடவி அதை நகர்த்தினார். ரத்தம் ஓடும் இடத்தில் புஸ், புஸ் என்று சத்தம் வந்தது. வந்த இடத்தில் மார்க்கரால் நீலப் புள்ளி. மூன்று புள்ளிகள்.

"ஸ்கேன்லயே எல்லாம் தெரியுதே டாக்டர், அப்புறம் எதுக்கு இதெல்லாம்?" என்றேன்.

"ஸ்கேன் கம்ப்யூட்டர்ல இருக்கு தம்பி. நான் கத்தி வைக்கிறது தொடையில."

அந்த மூன்று புள்ளிகளையும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். திருவாரூரிலிருந்து முதல் பஸ்ஸில் பெரியம்மா வந்துவிட்டார். கைப்பையில் மாதா கோயில் எண்ணெய். எங்கள் வீட்டில் பரீட்சை, பிரசவம், விசா இன்டர்வியூ எதற்குமே அந்த எண்ணெய் தொடாமல் யாரும் படி இறங்கியது கிடையாது. நான் டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அம்மாவின் வலது தொடை பளபளத்தது. புள்ளிகளைக் காணோம். நீலமாக ஒரு தீற்றல்தான் இருந்தது.

"என்ன பெரியம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"அந்தக் கால்ல கட்டுப் போட்டிருக்காங்க. இதுலயாச்சும் நல்லா தேச்சு விடுவோமேன்னு தேச்சேன். பேனாக் கற வேற இருந்துச்சு, அதையும் தொடச்சு விட்டேன்."

"அம்மா, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"எங்கக்கா தேச்சா எனக்குத் தூக்கம் வந்துரும்டா. தூங்கிட்டேன்."

காயம் லேசாக வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. இன்றைக்குத் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் வந்ததும் ஹீரோ மாதிரி போனை நீட்டினேன்.

"போட்டோ இருக்கு டாக்டர்."

பார்த்தார். "எந்தப் பக்கத்துல நின்னு எடுத்தீங்க?"

"சைடுல."

"அப்ப எடம் தள்ளிக் காட்டும். இது ஸ்டேட்டஸுக்குத்தான் ஆவும்."

ஒரு தாளை எடுத்தார். இடுப்பு எலும்பிலிருந்து எவ்வளவு, முழங்கால் சில்லிலிருந்து எவ்வளவு என்று ஒவ்வொரு குழாய்க்கும் ஸ்கேனில் அளந்து எழுதியிருந்தார். எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, டேப்பை வைத்து அளந்தார். முதல் இடத்தில் புஸ். இரண்டாவதிலும் புஸ். மூன்றாவதுதான் பெரிய குழாய், அவர் நம்பியிருந்தது. சத்தமே இல்லை.

பெரியம்மாவின் ஜெபமாலை நின்றுவிட்டது. டாக்டர் கருவியை அழுத்தவில்லை, அங்குமிங்கும் தேடவுமில்லை. எழுந்து போய் ஸ்கேனை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார். வந்ததும் தொடையைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார். எண்ணெய் தேய்க்க வசதியாகப் பெரியம்மா முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தார். பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"ஸ்கேன்ல பெருவெரல் மேல பாத்து இருந்துச்சு. தலகாணிய எடுங்க. தம்பி, போன வச்சிட்டு வந்து பாதத்தப் பிடிங்க. நேரா."

பிடித்தேன். டாக்டர் டேப்பை எடுத்தார். மறுபடி அளந்தார். புள்ளி ஒரு விரல் அகலம் தள்ளி வந்தது. கருவியை வைத்தார். புஸ், புஸ், புஸ். முந்தின இரண்டையும்கூட விடாமல் மறுபடி அளந்து பார்த்தார்.

"டாக்டரம்மா, நான் தெரியாம…" என்று பெரியம்மா ஆரம்பித்தார்.

"எண்ணெய நெத்தியில வைங்கம்மா. தொடைய எங்கிட்ட விட்டுருங்க."

காலையில் உள்ளே போன டாக்டர் சாயங்காலம்தான் வெளியே வந்தார். மூன்றாவது புள்ளிக்கு நேர் கீழே குழாய் இருந்ததாம், திரையில் பார்த்த மாதிரியே. அன்றைக்கே அந்த ஸ்டேட்டஸை அழித்தேன். அதற்கப்புறம் மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து ஒட்டிய தோலைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா, நிறம் மாறுகிறதா என்று. அஞ்சாம் நாள் டாக்டர் விரலால் அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் மெதுவாகப் பழைய நிறத்துக்கு வந்தது. "தண்ணி பாயுதும்மா" என்றார்.

கணுக்காலுக்கு மேலே புசுபுசுவென்று தொடைத் தோல். "எல்லாருக்கும் ரெண்டு தொட, எனக்கு மூணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா காட்டுவார்.

இப்போது அம்மா வீட்டில் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க நடந்தே போயிருக்கிறார்.