சாரை நிற்காமல் போன நாள்

என் கையெழுத்து சில நாள் எனக்கே புரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த ர, எந்த ற என்பதில் இன்னும் தடுமாற்றம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொன்மலைப் பட்டறையில் வேலை, ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. ஷிப்ட் முடிந்து சைக்கிள் மிதித்து வருவதற்குள் கால் இரண்டும் விட்டுப்போகும். காவிரிப் பாலம் தாண்டியதும் வாய்க்கால் மதகில் உட்கார்ந்துவிடுவேன். எதிரே வயல். மடையான் கொக்கு சேற்றோடு சேறாக நிற்கும். எழுந்து பறந்தால்தான் இறக்கைக்குள் அத்தனை வெள்ளை இருந்தது தெரியும். வரப்பிலுள்ள எலி வளைகளில் சாரைப்பாம்பு நுழைந்து வரும். இவற்றோடு பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது. வீட்டில் சொன்னதில்லை. ஷிப்ட் விடவே நேரமாகிறது என்று மனைவி நினைத்திருந்தாள்.

ஐம்பதுகளின் கடைசி. புரட்டாசியில் அவளுக்கு எட்டாம் மாதம். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதால் இருவருக்கும் சதா பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைக் கிணற்றடியில் சாரை வந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்கள் கம்போடு கூடினார்கள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் பாம்பை அடிக்கக் கூடாது என்று என்னை மட்டும் ஒதுக்கி நிறுத்தினார்கள். எனக்கு அது வசதிதான்.

“ஏம்மா, நீ வந்து எதிர்ல நில்லு,” என்று பக்கத்து வீட்டு அக்கா என் மனைவியைக் கூப்பிட்டாள். “பிள்ளைத்தாச்சி நிழல் பட்டா பாம்பு அப்படியே நின்னுடும். அப்புறம் சாத்திடலாம்.”

நான் வாய் திறப்பதற்குள் அவள் போய் நின்றுவிட்டாள். எப்படியும் நிற்கப்போகிறது என்று எல்லோரும் கம்பைத் தாழ்த்திக் காத்திருந்தார்கள். சாரை அவள் நிழல் மேலேயே ஊர்ந்து, வேலி இடுக்கில் புகுந்து, வாழைத்தோப்புக்குள் போய்விட்டது.

“என்னண்ணே, கும்பிட்டு வழியனுப்பி வச்சிட்டீங்களா?” என்று கம்பு வைத்திருந்தவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. “நிக்கலையேடி... உயிருள்ள பிள்ளைன்னா நின்னிருக்கணுமே. வயித்துல அசைவு இருக்கா?” என்றாள்.

அதோடு மனைவி சோற்றைத் தொடவில்லை. சாயங்காலம்வரை வயிற்றில் கை வைத்தபடி சுவரோரம் படுத்திருந்தாள்.

“அசையற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்குங்க,” என்றாள்.

“சாரை யாருக்கும் நிக்காது. நான் பார்த்திருக்கேன்.”

“எங்க பார்த்தீங்க?”

“வாய்க்கால்கிட்ட. தினம் அங்கதான் உட்கார்ந்திருப்பேன்.”

“ஷிப்டுன்னு சொல்லிட்டு கொக்கு பார்த்துட்டு வரீங்களாக்கும்?”

“போன வருஷம் நடவுல ஒரு பொம்பளை. உன்னைவிடப் பெரிய வயிறு. சாரை அவ காலோரமாத்தான் போச்சு. நிக்கல. தை அறுப்புக்கு இடுப்புல பிள்ளையோட வந்தா.”

“நெசமாவா?”

“சத்தியமா.”

“பிள்ளை நல்லா அழுதுச்சா?”

“அழுத அழுகையில வயல்ல ஒரு மடையான் மிச்சமில்ல.”

அவள் சிரிக்கவில்லை. கையை ஊன்றி எழுந்து, “ரசம் ஆறிப்போயிருக்கும்,” என்று அடுப்படிக்குப் போனாள். நான் அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன். அத்தனை பேசியதில் ஷிப்ட் முடிந்த நாளைவிட அலுப்பாக இருந்தது.

ஐப்பசியில் பெண் பிறந்தாள், உயிரோடு.

எழுதியது: 1967, மார்கழி 3.