கொக்கு கொத்திய கோப்பை

எங்கள் வீட்டு அலமாரியில் ஓட்டை விழுந்த பீங்கான் கோப்பை ஒன்று இருக்கிறது. விருத்தாசலத்தில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும் வேலைக்கு நான் போன அறுபதுகளில் சுட்டது. அதைப் பார்த்தால் எங்கள் மேஸ்திரி ஞாபகம்தான் வரும். தன் நிழலையும் நம்பாத மனிதர்.

ஈரக் கோப்பைகளை வெளியில் கவிழ்த்துக் காயவைப்போம். சாப்பிட்டுத் திரும்பினால் சிலவற்றில் ஓட்டை இருக்கும். முதலில் பழி கோயில் பக்கமிருந்து வரும் குரங்குகள்மேல் விழுந்தது. அடுத்து, அவற்றுக்குச் சோறு வைக்கும் அக்காமேல். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள். படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனுக்கு அவள் கூலிதான் கஞ்சி. மேஸ்திரி எங்களை வரிசையாக நிற்கவைத்து, காய்ந்த கோப்பையின் ஓட்டையில் விரலை விடச் சொன்னார். என் விரல் தடிமன், நுழையவில்லை. அக்காவின் விரல் கச்சிதமாகப் பொருந்தியது. காய்ந்தால் மண் சுருங்கும், ஓட்டையும் சேர்ந்து சுருங்கும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அப்படியானால் காய்ந்த பிறகு பொருந்தும் விரல், ஈரத்தில் ஓட்டை போட்ட விரலாக இருக்க முடியாது. இன்னொரு ஓட்டை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம் அவளை வேவு பார்க்க, சாட்சிக்கு என்னையும் சூளைச் சுவருக்குப் பின்னால் உட்காரவைத்தார். அக்கா வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குரங்கு ஒன்று தகரக் கூரை அதிரக் குதித்து வந்து, ஒரு கோப்பையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்து, அப்படியே வைத்துவிட்டுப் போனது. அப்புறம் மண்குவியலோரம் கிடந்த கட்டி ஒன்று எழுந்து நடந்தது. குருட்டுக்கொக்கு. மண் கரைக்கும் தொட்டியில் தினமும் தவளைக்காக நிற்பதுதான். மண் நிறத்திலேயே இருந்ததால் யாரும் கவனித்ததில்லை. கோப்பைமேல் உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளியை ஒரே கொத்து. வெட்டுக்கிளி அலகில், ஓட்டை கோப்பையில். பறந்தபோதுதான் அதன் வெள்ளைச் சிறகு தெரிந்தது. குரங்குக்குச் சத்தமும் உண்டு, கையும் உண்டு. கொக்குக்கு இரண்டும் இல்லாததால் அதன்மேல் சந்தேகமும் இல்லை.

மேஸ்திரி நேராக அக்காவிடம் போனார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "அந்தக் கொக்க யாரு பழக்கிவுட்டது?" என்று கேட்டார்.

அக்கா கை கழுவிக்கொண்டே சொன்னாள்: "அதோட மூக்கயும் உட்டு அளந்து பாருங்க மேஸ்திரி. எனக்கு வேல கெடக்குது."

அவள் வேலை தப்பியது. ஆனாலும் அவர் கண் அவள் கையைவிட்டு நகரவே இல்லை. கொக்கு கொத்திய அந்தக் கோப்பையை அவளே சூளையில் வைத்துச் சுட்டு, என் கல்யாணத்துக்குக் கொடுத்தாள்.

இந்த ஓட்டையைப் போட்டது குரங்கா, கொக்கா என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்பேன். எல்லாரும் யோசிக்காமல் சொல்வார்கள்: "கொரங்குதான். அதுக்குத்தான கை இருக்குது."

எனக்கும் இரண்டு கை இருக்கிறதே என்று நான் அவற்றை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வேன்.