பின்மூடிக்காரர்

ஸ்ரீபெரும்புதூர் கடையொன்றில் நான் தட்டை டி.வி. பார்த்துக்கொண்டிருந்தபோது, கம்பெனிச் சட்டையோடு ஓர் இளைஞர் வந்தார். திரைகளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு டி.வி.க்குப் பின்னாலும் குனிந்து, கட்டைவிரலால் ஸ்க்ரூக்களைத் தடவிக்கொண்டே போனார்.

ஒன்றின் அருகே நிமிர்ந்தார். “இத எடுங்க அண்ணாச்சி. எங்க பேக்டரி லைன்ல ஓடுனது.”

“படம் நல்லா இருக்குமா?”

“அது தெரியாது. மூணு வருசமா பின்மூடிக்கு ஸ்க்ரூ போடுதேன். முன்பக்கம் வேற ஆளு பாப்பாரு. மேசையில வைப்பியளா, செவுத்துல மாட்டுவியளா?”

“செவுத்துலதான். மாட்டுற ஸ்டாண்டும் சொல்லிட்டேன்.”

தலையாட்டிவிட்டு, அடுத்த டி.வி.க்குப் பின்னால் போய்விட்டார்.

அதையே வாங்கினேன். வீட்டில் மாட்ட வந்த ஆளை ஒரு நிமிஷம் நிறுத்தி, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. பிறகு அந்தப் பின்பக்கம் சுவரோடு மறைந்துபோயிற்று.